பஸ்கா இரவு, ஒரு யூத வீட்டில்: மெழுகுவர்த்தித் தேடலிலிருந்து எலியாவின் கிண்ணம் வரை

இஸ்ரேலில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு முதல் ஆண்டில் மலைப்பைத் தருவது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காப் பண்டிகைதான். கடையில் பாதி அலமாரிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவார்கள். வீட்டில் பிஸ்கட் டப்பா காணாமல் போகும். நேற்றுவரை நாம் சமைத்த பாத்திரத்தைத் தொடாதே என்பார்கள். காரணம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது, ஏனென்றால் வீடே துடைப்பமும் வாளியுமாக நிற்கும். போலந்தில் பிறந்த பாட்டி ஒருவரின் வீட்டில் நான் பல பஸ்கா இரவுகளைப் பார்த்துவிட்டேன். அவருடைய மருமகன் மொராக்கோ வழி வந்தவர் என்பதால் இரண்டு மரபுகளும் ஒரே மேசையில் உட்காரும். அங்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை முறையாக எழுதிவைக்கிறேன். வேலைக்குப் போனாலும் விருந்துக்குப் போனாலும் உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த இரவின் எல்லா ஏற்பாடும் ஒரு குழந்தை ‘ஏன்?’ என்று கேட்பதற்காகத்தான். சாப்பாட்டை வேண்டுமென்றே தள்ளிப்போடுவது, கீரையை உப்புநீரில் தோய்ப்பது, அப்பத்தை உடைத்து ஒளிப்பது எல்லாம் வழக்கத்துக்கு மாறானவை. மாறாக இருந்தால்தான் கேள்வி வரும். கேள்வி வந்தால்தான் எகிப்தை விட்டு வெளியேறிய கதையைச் சொல்ல முடியும். இது பிடிபட்டுவிட்டால் அடுத்தடுத்த விதிகள் பாரமாகத் தெரியாது.

எந்த இரவு?

எபிரேய மாதமான நிசான் 14ஆம் நாள் சூரியன் மறைந்ததும் 15ஆம் நாள் தொடங்குகிறது. யூதக் கணக்கில் நாள் மாலையில்தான் பிறக்கும். அது பௌர்ணமி இரவு. பல ஆண்டுகளில் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். 2026இல் ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. இஸ்ரேலில் இந்தச் சடங்கு விருந்து ஒரே இரவுதான், பண்டிகை ஏழு நாள். வெளிநாட்டு யூதர்களில் மரபைக் கடைப்பிடிப்பவர்கள் இரண்டு இரவு விருந்து வைத்து எட்டு நாள் கொண்டாடுவார்கள். விருந்துக்கு ‘செடர்’ என்று பெயர். செடர் என்றால் ஒழுங்கு, வரிசை.

‘புளிப்பு’ என்றால் எது? இட்லி மாவா?

தமிழ் வேதாகமத்தில் ‘புளிப்பில்லா அப்பம்’ என்று இருப்பதால் நமக்கு ஒரு குழப்பம் வருகிறது. புளித்தது எல்லாம் கூடாது போல, இட்லி மாவு ஆகாது, தயிர் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. விலக்கப்பட்டது ‘ஹமேட்ஸ்’. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்காவிட்டால் அது ஹமேட்ஸ் ஆகிவிடும். ரொட்டி, சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட், பீர் எல்லாம் இதில் அடங்கும். தயிர் ஹமேட்ஸ் அல்ல.

அரிசியும் பருப்பும் வேறு கணக்கு. அவற்றுக்குக் ‘கிட்னியோத்’ என்று பெயர். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் அவற்றையும் இந்த வாரம் தொடமாட்டார்கள். கிழக்கத்திய யூதர்களிலும், ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர்களிலும் பலர் அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைப்பார்கள். ஆகவே உங்கள் இட்லி மாவு ஆகுமா ஆகாதா என்பது அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. வாய்விட்டுக் கேளுங்கள்.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் அதுவும், அது சேர்ந்த சாம்பார் பொடி, ரசப் பொடி, ஊறுகாயும் ஆகா. முதல் ஆண்டு என் பெட்டியில் இருந்த சாம்பார் பொடிப் பொட்டலத்தை நான் சொல்லவே இல்லை, அது மசாலாதானே என்று இருந்துவிட்டேன். பண்டிகையின் மூன்றாம் நாள் அதைப் பார்த்து பாட்டியின் மகள் முகம் வெளுத்துப்போனார். யூதர் அல்லாதவருக்குச் சொந்தமான ஹமேட்ஸ் தனியிடத்தில் இருந்தால் குற்றமில்லை என்றுதான் யூத மதச் சட்டம். ஆனால் வீடு முழுக்கத் துடைத்தவர்களின் மனதுக்கு அது போதாது. நோன்புக்குக் கழுவி மெழுகிய அடுப்படியில் கருவாடு இருந்தால் நம் அம்மாக்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

முந்தைய இரவு: மெழுகுவர்த்தியோடு தேடல்

துப்புரவு வேலை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடும். பாத்திரங்களில் கொதிநீரில் முக்கி எடுக்கக்கூடியவை உண்டு, நெருப்பில் காய்ச்ச வேண்டியவை உண்டு, சுத்தப்படுத்தவே முடியாத மண்பாண்டங்களும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் பஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரங்கள் பரணில் இருக்கும். அவற்றை இறக்குவதற்குமுன் அடுப்படி தயாராகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கெடுபிடிக்குக் கொச்சி யூதர்களும் பெயர் பெற்றவர்கள்.

செடருக்கு முந்தைய இரவு, இருட்டியதும் ஒரு மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டி எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தேடுவார்கள். வீடுதான் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டதே, ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வெறுமனே தேடலாமா என்பதால் பத்து ரொட்டித் துண்டுகளைத் தாளில் சுற்றி ஒளித்துவைப்பது பலருடைய வழக்கம். ஒளித்த இடங்களை ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். ஒன்பதுதான் கிடைத்தது என்றால் வீடு இரண்டுபடும். ஆசீர்வாதத்துக்கும் தேடலுக்கும் நடுவில் வேறு பேச்சு கூடாது. முடிந்ததும், கண்ணுக்குத் தப்பிய ஹமேட்ஸ் எதுவானாலும் அது மண்ணின் தூசிபோல உரிமையற்றதாகட்டும் என்று சொல்வார்கள். அது அரமேயத்தில் இருக்கிறது. அரமேயம் ஒருகாலத்தில் மக்கள் தெருவில் பேசிய மொழி. சொல்பவருக்குப் பொருள் புரிந்தே ஆக வேண்டும் என்பதால், அரமேயம் தெரியாதவர் தனக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை, கிடைத்ததை எரிப்பார்கள். அன்று இஸ்ரேலியத் தெருக்களில் நடந்தால் மூலைக்கு மூலை தகரத்தில் ரொட்டி எரியும் வாசனை வரும். எரிக்கக் கட்டுப்படியாகாத சரக்கை யூத மதகுருவான ரப்பி மூலம் யூதர் அல்லாதவருக்கு முறையான ஒப்பந்தம் போட்டு விற்றுவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அரசுக்குச் சொந்தமான ஹமேட்ஸையே எருசலேமுக்குப் பக்கத்தில் அபு கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபு விடுதி மேலாளர் பல ஆண்டுகள் இப்படி விலைக்கு வாங்கிவந்தார்.

மேசை

பகலிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் இவை. எலும்பைச் சுடுவது, முட்டையை அவித்துச் சுடுவது, கீரையைப் பூச்சி பார்ப்பது, உப்புநீர் கரைப்பது. கீரையை அவசரமாகப் பார்க்காதீர்கள். பூச்சியைச் சாப்பிடுவது அவர்களுக்குப் பன்றியைச் சாப்பிடுவதைவிடக் குறைந்த பாவம் அல்ல. இலை இலையாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

செடர் தட்டில் ஆறு பொருள் இருக்கும். சுட்ட எலும்பு, பழைய பஸ்கா பலி ஆட்டின் நினைவு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் பலி இல்லை, எலும்பு மட்டும் மிச்சம். சுட்ட முட்டை, ஆலயத்தின் பண்டிகைப் பலிக்காக. அப்புறம் கசப்புக் கீரை இரண்டு இடத்தில். ‘ஹசா’ என்னும் லெட்டூஸ் கீரையைச் சிலர் வைப்பார்கள்; பாட்டி வீட்டில் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவி வைப்பார்கள். அதைத் துருவும்போது சன்னலைத் திறந்துவையுங்கள், கடுகு நெடியைவிட மூக்கில் ஏறும். ஐந்தாவது கர்பாஸ். பார்ஸ்லி, செலரி, அல்லது அவித்த உருளைக்கிழங்கு.

ஆறாவது ஹரோசெத், எனக்குப் பிடித்தது. எகிப்தில் அடிமைகள் செங்கலுக்குக் குழைத்த சேற்றின் நினைவாக இந்தக் கலவை. ஆனால் ருசியோ பஞ்சாமிர்தம். பாட்டி ஆப்பிள், வால்நட், லவங்கப்பட்டை, திராட்சை இரசம் சேர்த்துச் செய்வார். மருமகன் வீட்டார் பேரீச்சம்பழத்தை அரைத்து உருண்டை பிடிப்பார்கள். பாக்தாத் யூதர்கள் பேரீச்சம்பாகில் வால்நட்டைப் பொடித்துப் போடுவார்கள். சேற்றுக்கு இத்தனை இனிப்பு ஏன் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்கே ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது, முடிவு வரவில்லை, யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை.

தட்டுக்குப் பக்கத்தில் மூன்று மட்சா, அதாவது புளிப்பில்லா அப்பம், துணியால் மூடி. ஆளுக்கு ஒரு கிண்ணம், அந்த இரவின் கதையும் ஜெபங்களும் அடங்கிய ஹகாதா புத்தகம் ஒன்று. இடது பக்கம் சாய்ந்துகொள்ளத் தலையணை. பழங்காலத்தில் சுதந்திர மனிதர்தான் சாய்ந்து சாப்பிட்டார்கள். நடுவில் எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு பெரிய கிண்ணம்.

கிண்ணம் குறைந்தது 86 மி.லி. கொள்ள வேண்டும் என்பது ஒரு கணக்கு, 150 மி.லி. என்பது கடுமையான கணக்கு. அதைத் திராட்சை இரசத்தால் நான்கு முறை நிறைத்து, ஒவ்வொரு முறையும் பெரும்பகுதியைக் குடிக்க வேண்டும். இரசம் ஆகாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. நீரிழிவு உள்ள முதியவர் என்றால் மருத்துவரிடமும் குடும்பத்தின் ரப்பியிடமும் முன்கூட்டியே பேசிவிடச் சொல்லுங்கள். காய்ந்த மட்சாவை மெல்ல முடியாதவருக்குத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. மட்சாவில் ஈரம் படவே விடாத குடும்பங்கள் உண்டு. அங்கும் முதியவருக்கு வழி இருக்கும், கேட்டுவிடுங்கள்.

சூரியன் மறையுமுன்

விளக்கேற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண். ஊரைப் பொறுத்து மறைவுக்கு 18 நிமிடம் முன்பு, எருசலேமில் 40 நிமிடம். பண்டிகை நாளில் புதிதாக நெருப்பு உண்டாக்கக் கூடாது, எரியும் நெருப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம், அணைக்கக் கூடாது. அதனால் 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை முன்பே ஏற்றிவைப்பார்கள், அல்லது ஓர் அடுப்பைச் சிறு தீயில் விடுவார்கள். சமைக்கலாம், அதுவே ஓய்வுநாளான சபாத்துக்கும் பண்டிகைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. செடர் வெள்ளிக்கிழமை இரவில் வந்தால் சபாத் விதிகள் மேலேறிவிடும், சமையலும் கிடையாது.

நாம் செய்ய வேண்டியவை: கைபேசியை நம் அறையில் வைத்துவிடுவது, மேசைக்கு மேலுள்ள விளக்கின் சுவிட்சைத் தவறியும் தொடாமல் இருப்பது, குளிர்பெட்டியின் உள்விளக்கைப் பகலிலேயே கழற்றிவிடுவது. அவர்கள் உங்களிடம் ‘விளக்கைப் போடு’ என்று சொல்ல மாட்டார்கள், சொல்வதும் விலக்கு. உங்கள் தேவைக்கு நீங்கள் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கென்று தனியாக அன்றிரவு எதையும் சமைக்கச் சொல்லாதீர்கள். யூதர் அல்லாத விருந்தினருக்காகப் பண்டிகை நாளில் கூடுதலாகச் சமைப்பதை அவர்களுடைய சட்டம் தயங்கிப் பார்க்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் இதெல்லாம் நிற்காது. உடனே 101 அழையுங்கள், கைபேசியை எடுங்கள், விளக்கைப் போடுங்கள். உயிரைக் காப்பது பண்டிகைக்கும் மேல் என்பதும் அதே சட்டம்தான்.

விருந்தினராகப் போனால் உணவு எதுவும் கொண்டுபோகாதீர்கள். பூ போதும், அதுவும் மறைவுக்கு முன்பே போய்ச் சேர்கிற மாதிரி. ‘ஹக் சமேயாஹ்’ என்று வாழ்த்துங்கள்.

இரசம் ஊற்றுவது பற்றி ஒரு சொல். பற்றுள்ள குடும்பங்களில் யூதர் அல்லாதவர் கை பட்ட இரசத்தைக் குடிக்க மாட்டார்கள். காய்ச்சிய இரசமான ‘மெவுஷால்’ என்றால் தடை இல்லை. முதலில் எனக்கு இது சுட்டது. பிறகு தெரிந்தது, பிற தெய்வங்களுக்குப் படைத்த இரசத்தை விலக்கிய காலத்து விதி அது, ஆளைப் பார்த்து வந்ததில்லை. எந்த பாட்டில் என்று முன்பே கேட்டுக்கொண்டால் இரு பக்கமும் சங்கடம் இல்லை.

பதினைந்து படிகள்

கதேஷ், உர்ஹாட்ஸ், கர்பாஸ், யஹாட்ஸ், மகீத் என்று பதினைந்து பெயர்களைப் பாட்டாகவே பாடித் தொடங்குவார்கள்.

முதலில் கித்துஷ், அதாவது இரசத்தின் மேல் சொல்லும் ஆசீர்வாதம்; முதல் கிண்ணம், சாய்ந்தபடி. சனிக்கிழமை இரவு என்றால் சபாத்தை வழியனுப்பும் ஆசீர்வாதங்களும் இதில் சேரும். பிறகு ஆசீர்வாதம் சொல்லாமல் கை கழுவல். அப்புறம் கர்பாஸை உப்புநீரில் தோய்த்து ஒரு வாய். அடிமைகளின் கண்ணீர் என்பார்கள் அந்த உப்பை. பசியில் இருக்கும் குழந்தை ‘அவ்வளவுதானா?’ என்று பார்க்கும். அந்தப் பார்வைதான் வேண்டும்.

நான்காவது யஹாட்ஸ். மூன்று மட்சாவில் நடுவில் உள்ளதை உடைத்து, பெரிய துண்டை அபிகோமான் என்று எடுத்துவைப்பார்கள். பாட்டி வீட்டில் குழந்தைகள் அதைத் திருடி ஒளிப்பார்கள், பரிசு தந்தால்தான் திரும்ப வரும். கிழக்கத்தியக் குடும்பங்கள் பலவற்றில் அதைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்துவருவார். ‘எங்கிருந்து வருகிறாய்?’ ‘எகிப்திலிருந்து.’ ‘எங்கே போகிறாய்?’ ‘எருசலேமுக்கு.’

ஐந்தாவது மகீத், கதை சொல்லல். மற்ற பதினான்கையும் சேர்த்தாலும் இதற்கு ஈடில்லை. மட்சாவைத் திறந்து, ‘இது எளியவரின் அப்பம், பசித்தவர் எல்லாரும் வந்து சாப்பிடட்டும்’ என்று சொல்வார்கள். இதுவும் அரமேயத்தில்தான் இருக்கிறது, தெருவில் போகிறவருக்கும் புரியட்டும் என்று. மொராக்கோக் குடும்பங்களில் இந்த இடத்தில் செடர் தட்டை ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுற்றி, ‘அவசரமாக எகிப்தை விட்டு வந்தோம்’ என்று பாடுவார்கள். தட்டு என் தலைக்கு மேலும் சுற்றும். முதல் முறை எழுந்து நகரப் பார்த்தேன், மருமகன் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

இரண்டாம் கிண்ணத்தை நிறைத்ததும் கடைசிக் குழந்தை கேட்கும்: ‘மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?’ மட்சா மட்டும் ஏன், கசப்பு ஏன், இருமுறை தோய்ப்பது ஏன், சாய்ந்து உட்காருவது ஏன் என்று நான்கு கேள்விகள். குழந்தை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். யாரும் இல்லாதவர் தன்னைத்தானே கேட்க வேண்டும். எல்லாச் சட்டமும் தெரிந்த இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். யூத மதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத் இதை இப்படியே சொல்கிறது.

2020இல் கொரோனாவுக்காகச் செடர் இரவு இஸ்ரேல் முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். மகள் வர முடியவில்லை, பேரப்பிள்ளைகள் வர முடியவில்லை. பாட்டியும் நானும் மட்டும். மேசையில் வழக்கமான பெரிய விரிப்பை அவர் போடச் சொன்னார், ஒரு மூலையில் இரண்டு தட்டு. முதல் நான்கு படிகளைத் தானே செய்தார். ஐந்தாவதில் நிறுத்தி என்னைப் பார்த்தார். ‘தன்னைத்தானே கேட்கலாம் என்று இருக்கிறது. ஆனால் நீ இருக்கும்போது நான் ஏன் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்? உன் மொழியில் கேள்’ என்றார். ‘இந்த ராத்திரி மட்டும் ஏன் பாட்டி இப்படி?’ என்று தமிழில் கேட்டேன். அவர் எபிரேயத்தில், ‘நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம்’ என்று தொடங்கினார். அது ஹகாதாவின் பதில். அதை முடித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, தான் சிறுமியாகப் போலந்தை விட்டு வந்த கதையையும் சொன்னார். அத்தனை ஆண்டுகளில் அதை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

நான்கு மகன்களின் பகுதியும் அறிய வேண்டியது. அறிவுள்ளவன், முரடன், எளியவன், நான்காவதாகக் கேட்கவே தெரியாதவன். அவனுக்கு ‘நீயே தொடங்கிவை’ என்கிறது ஹகாதா. பிறகு எகிப்தின்மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் விரலால் ஒரு சொட்டு இரசத்தை வெளியே விடுவார்கள். பிறர் வேதனைப்பட்டபோது நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது இதற்கு அவர்கள் சொல்லும் காரணம். ‘தயேனு’ பாட்டு வரும்போது பாரசீக யூதர்கள் வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் செல்லமாக அடிப்பார்கள், எகிப்தியரின் சவுக்கை நினைத்து. அடுத்து, ரப்பான் கமாலியேல் என்னும் பழங்கால அறிஞர் கட்டாயம் சொல்ல வேண்டும் என்ற மூன்று சொற்கள்: பஸ்கா (பலி ஆடு), மட்சா, மாரோர் (கசப்புக் கீரை). மட்சாவையும் கசப்பையும் தூக்கிக் காட்டுவார்கள். எலும்பை மட்டும் தூக்கமாட்டார்கள், ஆலயத்துக்கு வெளியே பலியைப் படைத்ததுபோல் ஆகிவிடும் என்று. இரண்டாம் கிண்ணம்.

இனி வேகமாகப் போகும். ஆசீர்வாதத்தோடு கை கழுவியபின் மட்சாவைச் சாப்பிடும்வரை பேசமாட்டார்கள். அந்த நேரம் எதுவும் கேட்காதீர்கள். மட்சாவைச் சாய்ந்து சாப்பிடுவார்கள். கசப்பை ஹரோசெத்தில் தோய்த்து உதறிவிட்டு, சாயாமல் சாப்பிடுவார்கள், அடிமைத்தனத்தை யாரும் சாய்ந்துகொண்டு நினைப்பதில்லை. பிறகு ஹில்லேல் என்னும் பழங்கால அறிஞர் செய்ததுபோல மட்சாவுக்கு நடுவே கசப்பை வைத்து ஒரு வாய். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அஷ்கெனாசி வீடுகளில் அவித்த முட்டை உப்புநீரில் வரும், சூப் வரும். சுட்ட இறைச்சி வைக்கமாட்டார்கள், பலி ஆட்டைப்போல் தோன்றும் என்பதால்.

பதினோரு படி முடிந்தது. அபிகோமானை நள்ளிரவுக்குள் சாப்பிட வேண்டும். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல, இரவின் சரிபாதி; எருசலேமில் அந்தப் பருவத்தில் ஏறத்தாழ 12.40. அதற்குப்பின் உணவு கிடையாது. ஆகவே முதியவரின் இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும் என்றால் அதற்குமுன் நினைவுபடுத்திவிடுங்கள்.

உணவுக்குப் பின்னான நன்றி, மூன்றாம் கிண்ணம். பிறகு கதவைத் திறப்பார்கள், எலியாவுக்காக. குழந்தைகள் கிண்ணத்தையே உற்றுப் பார்ப்பார்கள், இரசம் கொஞ்சம் குறைந்ததா என்று. கதவைத் திறக்கும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது அது என் உரிமை. பௌர்ணமி என்பதால் வாசலில் நல்ல நிலவு இருக்கும்.

ஹல்லேல் சங்கீதங்கள், நான்காம் கிண்ணம், ‘அடுத்த ஆண்டு எருசலேமில்’. எருசலேமில் இருப்பவர்கள் ‘மீண்டும் கட்டப்பட்ட எருசலேமில்’ என்பார்கள். பிறகு ‘ஒன்று யாருக்குத் தெரியும்?’, ‘ஒரே ஓர் ஆட்டுக்குட்டி’ என்று பாட்டுகள்; பெரியவர்களும் தூக்கக் கண்ணோடு போட்டி போட்டுப் பாடுவார்கள்.

மேசையை ஒழிக்கும்போது

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வேண்டிய பாத்திரங்களை அன்றிரவே கழுவலாம், யூதக் கணக்கில் இரண்டும் ஒரே நாள். பண்டிகை முடிந்தபின் மட்டுமே தேவைப்படுபவை கிடக்கட்டும். மேசையில் எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம், தானே அணையும். ஹகாதா புத்தகங்களில் இரசக் கறை இருக்கும், துடைத்துப் போக்க முயல வேண்டாம். எந்த ஆண்டு, யார் சிந்தியது என்று பாட்டி கறையைக் காட்டிச் சொல்வார். எலியாவின் கிண்ணத்தைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பாட்டியே அதைச் சிறு தட்டால் மூடி வைக்கிறார், காலையில் கித்துஷுக்கு அந்த இரசத்தைத்தான் எடுக்கிறார்கள்.